மலையகத்தாரும் பிரதேச சபையும்

கல்லூரி விழா மலரில் அரசியல் எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கட்சிகளின் வழக்கை நாம் இங்கே தொடவில்லை. குடிமக்களின் கடமை பற்றியே எழுதத் துணிந்தோம்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, ஹற்றன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம் அவர்கள் தொழில் அமைச்சரானார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் எம்மவரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கிற்று. எமது பொல்பிட்டியவில் 1969இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதற்கு நீர் தரும் மஸ்கெலியா மலைகளிற் கொழுந்து பறித்தோருட் பலர் எந்நாட்டுக் குடிகளுமல்லர். எஞ்சியோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

கனடாவிற் குடியேறிய உக்ரேனியரும் இத்துயரை அறிவர். 1902ஆம் ஆண்டு மார்ச்சுக்குப் பின் பிரசாவுரிமை பெற்றோருள், பகைநாட்டிற் பிறந்தவரின் வாக்கை 1917ஆம் ஆண்டுப் போர்க்காலத் தேர்தற் சட்டம் பறித்தது. ஆஸ்திரியப் பேரரசிலிருந்து வந்த உக்ரேனியர் பலர் அதில் அகப்பட்டனர். அவர்கள் ஊர்தோறும் மண்டபங்களும் வாசிகசாலைகளும் அமைத்துக் கூடிப் பழகினர். 1951இல் எட்மன்ரன் நகர மேயராகவே அவர்தம் வமிசத்தவர் ஒருவர் தெரிவானார். ஊர்ச்சபையை அவர்கள் சிறிதென்று தள்ளவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

நாமோ அதனைத் தள்ளியே பழகிவிட்டோம். பாராளுமன்றத் தேர்தலென்றால் லயங்களெல்லாம் விழாக்கோலம்; தோட்டப் பாதை இடிந்தால் துரையிடமோ சங்கத் தலைவரிடமோ ஓடுகின்றோம். தொழிற்சங்கங்களின் தொண்டை நாம் மறக்கவில்லை. ஆயினும் சம்பளம் பேசுவது வேறு, வடிகால் வெட்டுவது வேறு. பழியெல்லாம் மக்களுடையதுமன்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களிற் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலிலேயே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு சபைகள் ஆறாகின. தடை நீங்கிய பின்னும், சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த பழைய மாணவர் எத்தனை பேர்?

ஆசிரியராய், எழுதுவினைஞராய், வணிகராய் நகரங்களிற் குடியமர்ந்த எம் சகோதரரையே நாம் முதலிற் கேட்கின்றோம். லயத்திலுள்ள தாய் தந்தையருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகின்றீர்கள், நன்று. அவர்கள் பெயர் இவ்வாண்டு இடாப்பில் உளதா எனக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டீர்களா? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் தோட்டத்துக்குச் சபை ஒதுக்கிய தொகை எவ்வளவு என ஒரு விண்ணப்பம் எழுதக் கல்லூரியிற் கற்ற தமிழே போதும். தைப்பொங்கலுக்கு ஊர் திரும்புவோர் அதனைக் கையோடு கொண்டுசென்று சபைக் காரியாலயத்திற் கொடுக்கலாம்.