பால்வாடி வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறீர்களா?

என்னிடம் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. "உங்க தெருவுல பால்வாடி இருக்கா?" என்றால், "இருக்கு டாக்டர், அந்த முனையில" என்பார்கள். "உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா?" என்றால் சிரிப்புதான் பதில். தனியார் பிளே ஸ்கூலில் ஆயிரமாயிரமாகப் பணம் கட்டுபவர்களும் இப்படித்தான். கேட் வரைக்கும்தான் அவர்களுக்குத் தெரியும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மூன்று வயதுப் பேரனோடு ஒரு பாட்டி வந்தார். "ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது. பசி எடுக்க ஏதாவது லேகியம் குடுங்க டாக்டர்" என்றார். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை பிள்ளை காப்பகத்தில். "அங்கே என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டேன். பாட்டிக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

விசாரித்து வரச் சொன்னேன். அம்மா ஒருநாள் லீவு போட்டு, ஆயாம்மாவிடம் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பத்து மணிக்கு க்ரீம் பிஸ்கட், மூன்று மணிக்கு மறுபடியும் பிஸ்கட். மதியச் சோறு பாதிக்கு மேல் குப்பைக்கூடைக்கு! ஆயாம்மாவுக்கு இது மூன்று மாதமாகத் தெரியும். அவரைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அவராகச் சொல்வதற்கும் வழி இல்லை. நான் லேகியம் கொடுக்கவில்லை. பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னேன். இரண்டே வாரத்தில் பசி தானாக வந்தது.

இங்கே நோய் பிள்ளையின் வயிற்றில் இல்லை. வீட்டுக்கும் காப்பகத்துக்கும் நடுவே பேச்சு இல்லாததுதான் நோய்!

அங்கன்வாடி என்றாலே "அது ஏழைப் பிள்ளைங்க சாப்பிடுற இடம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சோறு ஒரு பகுதி மட்டும்தான். தடுப்பூசி, உடல் பரிசோதனை, முன்பருவக் கல்வி, தாய்மாருக்குச் சத்துணவு ஆலோசனை, பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. வருமானச் சான்று கேட்பதில்லை. உங்கள் பிள்ளையை அங்கே சேர்க்காவிட்டாலும், எடை பார்க்கும் நாளில் தூக்கிப் போகலாமே!

என்ன செய்யலாம்? காப்பகம் நடத்துபவர்களுக்கு முதலில் சொல்கிறேன். மாதம் ஒருநாள், ஒரு மணி நேரம், கதவைத் திறந்து வையுங்கள். பெற்றோரோடு தாத்தா பாட்டியையும் கூப்பிடுங்கள். அன்றைய சாப்பாட்டை அவர்களும் ருசி பார்க்கட்டும். இந்த வார உணவு என்னவென்று வாசலில் எழுதிப் போடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். "பெற்றோர் உள்ளே வந்தால் தொல்லை" என்று நினைக்காதீர்கள். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமே, அலுவலகக் காப்பகத்துக்குத் தாய் தினமும் நான்கு முறை போய் வரலாம் என்று சொன்னது.

இனி உங்களுக்கு. ரிட்டயர் ஆன அப்பா வீட்டில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாரா? வாரம் ஒருநாள் பால்வாடியில் கதை சொல்லட்டும். டீச்சரின் அனுமதியோடு, டீச்சர் கண்ணெதிரே. வந்துபோவோர் பெயரை எழுதி வைப்பது குழந்தைகளின் பாதுகாப்புக்கு அவசியம்; கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டு முருங்கையில் கீரை மிஞ்சினால் ஒரு கட்டு அங்கே போகட்டும். மையத்தின் முன்னால் மூடியில்லாத சாக்கடை இருந்தால், டீச்சர் ஒருவரே மனு எழுதுவதைவிடத் தெருவில் பத்து வீடு கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊரோடு பழகுவது என்றால், ஆளாளுக்குச் சொல்கிற வைத்தியத்தைப் பிள்ளை வாயில் ஊற்றுவது அல்ல. வசம்பை உரசி நாக்கில் தடவாதீர்கள். தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

முன்பெல்லாம் பிள்ளை தெருவில் விழுந்தால் எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து தூக்குவாள். இன்று அந்தப் பிள்ளை பகலெல்லாம் காப்பகத்தில். அத்தை மட்டும் இன்னும் தெருவிலேயே நிற்கிறாள். அவளை உள்ளே கூப்பிடுங்கள். நாளைக்குப் பிள்ளையை விடப் போகும்போது, கேட்டோடு திரும்பாமல், "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.