49 கேள்வி கேட்டாங்க, நிலம் யாருதுன்னு கேக்கல

2018 சனவரியில் ஒன்றிய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயர் வைத்தது. தமிழ்நாட்டில் இரண்டு: இராமநாதபுரமும் நம்ம விருதுநகரும். நிதி ஆயோக் 49 குறியீடுகளை வகுத்தது. நலவாழ்வுக்கு 30 சதம், கல்விக்கு 30, வேளாண்மைக்கும் நீருக்கும் 20, மிச்சம் மற்றதுக்கு. அந்த ஆண்டு சூன் முதல் அக்டோபர் வரையிலான முன்னேற்றக் கணக்கில் நாட்டிலேயே விருதுநகருக்கு முதலிடம்.

கணக்குப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. கணக்கே இல்லாமல் இருப்பது பண்ணையாருக்குத்தான் வசதி. எதை எண்ணுறாங்க, எதை விடுறாங்க என்பதே கேள்வி.

வேளாண்மைப் பகுதியைப் பாருங்கள். மண்வள அட்டை, பயிர்க் காப்பீடு, சொட்டுநீர், சான்று விதை. எல்லாம் நிலம் வச்சிருக்கிறவனுக்கு. கரிசக்காட்டில் மானாவாரிப் பருத்திக்குக் களையெடுக்கும் சேரிப் பெண்ணுக்கு எந்த மண்ணுக்கு அட்டை கொடுப்பார்கள்? வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுகிறவன் காப்பீட்டுக்கு எந்தத் தாளை நீட்டுவான்? நான் வங்கி எழுத்தன். சேரி சனத்துக்குச் சேமிப்புக் கணக்குத் திறந்தால் குறியீடு ஏறும். அதே ஆள் பயிர்க்கடன் கேட்டு வந்தா, 'பட்டா எங்கே, அடங்கல் எங்கே?' வெறுங்கையோடு திரும்பிப் போனது எந்தக் கட்டத்திலும் பதியாது.

அரசிடம் எண் இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் பட்டியல் சாதியார் 16.6 சதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையிலிருந்த சாகுபடிப் பரப்பு 9 சதத்தைக்கூட எட்டவில்லை. தெரிஞ்ச எண்ணைத்தான் குறியீட்டுக்குள் சேர்க்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1918லேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதினார். நிலத்தின் அளவை மட்டும் பார்க்காதே, அதோடு சேரும் உழைப்பையும் முதலையும் பார் என்றார். நிலத்தில் வேலை கிடைக்காத கைகளுக்குத் தொழில் வேண்டும் என்றார். இங்கே அந்தக் கைகளை வாங்கிக்கொண்டது பட்டாசு ஆலை. மழை பொய்த்தால் காட்டுவேலை போகும். சனம் வெடிமருந்துக்குப் போகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். வேளாண்மையை ஒரு கட்டத்திலும் தொழிலை இன்னொரு கட்டத்திலும் அடைத்த கணக்குக்கு இந்தப் பாதை தெரியாது.

தோழர்களே, மாணவர்களே, கேட்க வேண்டியது இது: ஊராட்சி வாரியாக, சாதி வாரியாக நிலக் கணக்கை வெளியிடு. நிலமற்ற குடும்பங்கள் எத்தனை என்பதையும் ஒரு குறியீடாக்கு. மாவட்டச் சராசரி ஏறிச்சுன்னு மேடை போடுறதுக்கு முன்னால், சேரி ஏறிச்சான்னு தனியாகக் காட்டு.