பட்டியல் போடுகிறவனைப் பழிக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர், தான் இப்போது படிக்கும் புத்தகத்தையும் இனிப் படிக்க வேண்டியவை என்று நாற்பது பெயர்களையும் போட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். "முதல்ல வாங்குனதைப் படிச்சு முடிலே" என்று ஒருவர். "எல்லாம் பீத்தல்" என்று இன்னொருவர். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் (மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்) படிக்காத புத்தகமும் கட்டாத வட்டியும் ஒன்று என்று எழுதியிருக்கிறார்.

மாப்பிள்ளை, உங்கள் கணக்கு தப்பு. கடன் கட்டக் கட்டக் குறையும். படிப்பு அப்படி இல்லை. ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் அது இரண்டு புத்தகத்தைக் கையில் பிடித்துக் கூட்டி வரும். நான் இப்போது பூமணியின் 'அஞ்ஞாடி' படிக்கிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். நம் கரிசல் பூமியின் கதை. 1899-இல் சிவகாசியில் நடந்த கலவரம் அதில் வருகிறது. பஸ் ஏறிப் போய்ப் பட்டாசு வாங்கி வருகிற ஊர். அங்கே நூறு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத் தேடப் போய் என் பட்டியலில் மூன்று புத்தகம் ஏறிவிட்டது. இதற்கு முன்னால் சோ. தருமனின் 'சூல்'. 2019-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி நடக்கிற கதை. முடித்த பிறகு நம் ஊர்க் கண்மாய்க் கரையில் நடக்கும்போது மடை எது, கலுங்கு எது என்று நின்று பார்க்கிறேன். உடனே பாசனம் பற்றி இரண்டு புத்தகம் பட்டியலில் சேர்ந்தது. இது வியாதி என்றால் எனக்கு மருந்து வேண்டாம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஐந்தாவது விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. அவ்வளவு பெரிய நூலகத்துக்குப் பொருந்துவது என் வீட்டு அலமாரிக்குப் பொருந்தாதா?

பீத்தல் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு தாயின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள் என்று வையுங்கள். அவளுக்குப் பாடப்புத்தகம் தெரியும். இப்படி ஒரு நாவல் இருக்கிறது என்று யார் சொல்வது? பெயர் தெரிந்தால்தானே நூலகத்தில் போய்க் கேட்பாள்? ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் ரங்கநாதனின் விதிதான். புதுச் சேலை எடுத்தால், புது பைக் வாங்கினால், பிரியாணி சாப்பிட்டால் படம் போடுகிறோம். அங்கெல்லாம் வாழ்த்து சொல்லிவிட்டு, புத்தகத்தின் பெயரைச் சொன்னவனை மட்டும் எள்ளி நகையாடுவது என்ன நியாயம்?

பட்டியல்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருஷா வருஷம் போய், பை நிறைய வாங்கி, முதுகு தெரிய அடுக்கிப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். சந்தோஷம். எது எதற்காக வாங்கினோம் என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? "இந்த வருஷம் நூறு புத்தகம்" என்று சபதம் வேறு. இதென்ன தோப்புக்கரணமா, எண்ணிப் போட? எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறாய், எது பிடிக்கவில்லை, ஏன் பாதியில் வைத்தாய், அதைச் சொல். அது எனக்கு உதவும்.

அந்தப் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படுவதுதான் பெரிய குறை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதியை விளக்கும்போது ரங்கநாதன் அதைச் சொல்கிறார். நம் வீட்டுச் சாவியும் அதே சங்கிலிதான். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். காளை மாடு செய்த வேலையைக் கார் வைத்திருக்கிற நாம் செய்ய மாட்டோமா?

இன்னொன்று. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம். நூறு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து ரூபாய் நூலக வரியாக நீங்கள் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டுகிற காசுக்கு உரிமை கேட்க வேண்டாமா? உங்கள் நாற்பதில் எது எது நம் கிளை நூலகத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இருந்தால் எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் மறந்துபோவார்கள். பத்துப் பேர் கேட்டால் மறக்க முடியாது. ஊருக்கு வரும்போது இரண்டு புத்தகம் கொடுத்துவிட்டும் போகலாம்.

கருத்துப் பகுதியில் அவரவர் படிக்கிற புத்தகம், நிற்கிற பக்கம், அடுத்து படிக்கப்போவதில் ஒன்றே ஒன்று, அது ஏன் என்பதைப் போடுங்கள். என் 'சூல்' சும்மாதான் இருக்கிறது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறவர்கள் அப்படியே சிவகிரி வந்து எடுத்துப் போகலாம். மாப்பிள்ளைக்கே முதல் உரிமை. பொங்கலுக்குள் திருப்பித் தர வேண்டும். அட்டையை மடக்கக் கூடாது.