ஈசிஆர் சூரப்புலிகளே, ஒரு தடவை டிராக்குக்கு வாங்க!

மக்களே, ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கும் எழுதுற மூடெல்லாம் இல்ல. எழுத வச்சது நம்ம கூடப் படிச்ச ஒரு மாப்ள.

போன சனிக்கிழமை ஊருக்கு வந்தவன் என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை இது: "தாம்பரத்துல காலைல அஞ்சு மணிக்கு எடுத்தேன்டா. எட்டே காலுக்கு காரைக்கால் பாரதியார் ரோட்டுல டீ குடிச்சேன்." சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்குறான். நான் கை தட்டணுமாம். சுத்தி இருந்த நாலு பேரு தட்டவும் தட்டினானுங்க.

நான் கணக்குப் போட்டேன். தூரம் 270 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். மூணேகால் மணி நேரம். சராசரி 83. "அவ்வளவுதானே?" அப்படின்னு கேட்பீங்க. நடுவுல கடலூர் இருக்கு, சிதம்பரம் இருக்கு, சீர்காழி இருக்கு. டோல், ஸ்பீட் பிரேக்கர், பள்ளிக்கூடம், மாடு எல்லாம் இருக்கு. அங்கெல்லாம் முப்பது நாப்பதுல போயிட்டு சராசரி 83 வரணும்னா மத்த இடத்துல 130, 140 போயிருக்கணும். யாரோட உயிரை வச்சு?

இதை அவனை மட்டும் திட்டுறதுக்காக எழுதல. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அதே சூரப்புலிதான்.

என் வண்டி ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். 120 குதிரை. சீட்ல சிவப்பு நூல் தச்சிருக்கும், அதனால விளம்பரத்துல ஸ்போர்ட்ஸ் கார். (கம்பெனி பேரைச் சொன்னா இங்க கும்மி நடக்கும், விடுங்க.) ஒரு தை மாசக் கடைசி. சம்பா அறுப்பு முடிஞ்ச நேரம். திருக்கடையூர் தாண்டி ஒரு வளைவு. 120ல வரேன். வளைவு முடிஞ்சா பாதி ரோட்டுல நெல்லு காயுது. ஓரத்துல கல்லு வச்சிருக்காங்க. ஒரு ஆயா குனிஞ்ச தலை நிமிராம காலால நெல்லைக் கிளறிக்கிட்டு இருக்கு. எதிர்ல ஒரு பஸ்.

பிரேக்கை முழுசா மிதிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு காலுக்கடியில உதறுது. டயர் நெல்லு மேல ஏறினதும் வண்டி என் பேச்சைக் கேக்கறத நிறுத்திடுச்சு. ஆயாவுக்குப் பத்தடி முன்னாடி நின்னுச்சு. நான் நிறுத்தல, அதுவா நின்னுச்சு. அந்த வித்தியாசம் எனக்கு நல்லாத் தெரியும்.

ஆயா திட்டவே இல்ல. சிதறின நெல்லைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. "பாத்துப் போ தம்பி, வூட்ல ஒன்னத் தேடுவாங்க" அப்படின்னுச்சு. வீடு வந்து சேர்றதுக்குள்ள கை நடுக்கம் நிக்கல. அன்னிக்கு ராத்திரி ஊர்க்காரங்க கேட்டப்ப என்ன சொன்னேன் தெரியுமா? "நாலு மணி நேரத்துல வந்தேன்." ஆயாவைப் பத்தி யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் முதல் தடவையா எழுதுறேன்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் கழிச்சு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டினது. அதுக்கு முன்னாடி பல வருஷம் சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதையில ரேஸ் நடந்துச்சு. இருங்காட்டுக்கோட்டைல அப்பப்ப நம்ம மாதிரி ஆளுங்களும் சொந்த வண்டியை ஓட்ட நாள் ஒதுக்குறாங்க. வண்டியில ஒரு நட்டு கூட மாத்தல. ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே எடுத்துட்டுப் போனேன்.

காலைல முதல்ல வகுப்பு. மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, முந்தாதே. சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தியாச்சு, மெதுவா உள்ள வா. நீலம்னா பின்னாடி வேகமான ஆள் வரான், வழி விடு. அப்புறம் வண்டியப் பரிசோதிச்சாங்க. டிக்கில இருந்த ஜாக்கி, தண்ணி பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொன்னாங்க. ஹெல்மெட், முழுக்கை சட்டை, ஷூ. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஈசிஆர்ல நூத்தி நாப்பது பாத்தவன்டா நானு!

நாலாவது லேப்ல அந்த சிரிப்பு போச்சு.

ஒண்ணாவது, இருபத்தஞ்சு வருஷப் பழைய எஸ்டீம் ஒண்ணு என்னை முந்துச்சு. பெயின்ட் உரிஞ்சு கிடக்கு, என்னை மாதிரியே ரோட்டு டயர். ஓட்டுறவருக்கு தலை முழுக்க நரை. நேர் ரோட்டுல நான்தான் முன்னாடி. ஒவ்வொரு திருப்பத்துலயும் அவர் எனக்கு அஞ்சு மீட்டர் பக்கத்துல வந்தாரு. நான் லேட்டா பிரேக் புடிச்சு, திருப்பத்துக்குள்ள தடுமாறி, வெளிய வர்றப்ப ஆக்ஸிலரேட்டர் மிதிக்க முடியாம நிக்கிறேன். அவரு முன்கூட்டியே பிரேக்கை முடிச்சுட்டு, வெளி ஓரத்துல இருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளி ஓரத்துக்கு வழுக்கிக்கிட்டு போறாரு. எண்ணெய் தடவின மாதிரி.

ரெண்டாவது, நேர் ரோட்டு முடிவுல பிரேக்கை மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. கருகின வாசம். வண்டி நேராப் போய் மண்ணுல இறங்கி நின்னுச்சு. நான் படிச்ச இன்ஜினியரிங் அப்பதான் ஞாபகம் வந்துச்சு. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி நாலு மடங்கு. அத்தனையும் சூடாத்தான் மாறும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா 140லயே கொதிக்க ஆரம்பிக்கலாம். கொதிச்சா ஆவி. ஆவி அமுங்கும், பெடல் உள்ள போகும், வண்டி நிக்காது. நான் அந்த ஆயிலை மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியாது. தப்பு வண்டி மேல இல்ல, என் மேல.

மண்ணுல நின்னப்ப மார்ஷல் ஒருத்தர் மஞ்சள் கொடி ஆட்டினாரு. பின்னாடி வந்த எல்லாரும் மெதுவாப் போனாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

அங்க உக்காந்து யோசிச்சேன். திருக்கடையூர்ல பண்ணினதும் இதே தப்புதான். நம்மால நிறுத்த முடியாத வேகத்துல வந்தது. இங்க அந்தத் தப்புக்கு முன்னாடி ஒரு மண் திட்டு இருந்துச்சு. அங்க ஒரு ஆயா இருந்துச்சு. தப்பு ஒண்ணுதான், இடம்தான் வேற.

இப்ப நம்ம சூரப்புலிகளோட வழக்கமான பதில்களுக்கு வருவோம்.

1. "டிராக்கெல்லாம் பணக்காரன் வெளையாட்டு."

எனக்கு அந்த ஒரு நாளைக்கு ஆன மொத்தச் செலவு, என் ரூம்மேட் வண்டிக்குப் போட்ட சத்தம் போடுற சைலன்ஸரை விடக் கம்மி. காசு இல்லாம இல்ல. முப்பது பேர் முன்னாடி பழைய எஸ்டீம் முந்திடுமோன்னு பயம். ஈசிஆர்ல ஜெயிக்கிறது ஈஸி. ஏன்னா அங்க எதிராளிக்கு, போட்டி நடக்குதுன்னே தெரியாது. டிவிஎஸ் 50ல பொண்டாட்டிய உக்கார வச்சுக்கிட்டு போறவரை முந்திட்டு மீசைய முறுக்குறது வீரமா?

2. "மொதல்ல வண்டிய ரெடி பண்ணிட்டு அப்புறம் டிராக்."

எதுக்கு? ஸ்டாக் வண்டியோட எல்லையையே நீங்க தொட்டதில்ல. ரீமேப், பெரிய டர்போ எல்லாம் போட்டா இருக்குற தப்பு இன்னும் வேகமா நடக்கும், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்ததுக்கு மாறா வண்டியை மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்குது. 2019ல உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லுச்சு. முதல் தடவை போறவனுக்கு வேண்டியது புது பிரேக் ஆயில், தேயாத பேடு, நல்ல டயர், சரியான காத்து, கூட உக்காந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆள். மூணு லேப் ஓட்டினா ஒரு லேப் மெதுவா ஓட்டி ஆறவிடணும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. அவ்வளவுதான்.

3. "டிராக்குலயும்தான் சாவுறாங்க."

ஆமா. மறைக்க மாட்டேன். 2023 ஜனவரியில அதே இருங்காட்டுக்கோட்டைல அனுபவசாலியான கே.இ. குமார் கார் ரேஸ்ல இறந்தாரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் பைக் ரேஸ்ல போனான். அந்த வயசுல அனுப்பணுமாங்கறது தனிச் சண்டை, அதுல நான் அனுப்பாதீங்க கட்சி. ஆனா டிராக்குல இறங்குறவன் தெரிஞ்சு இறங்குறான். ஆம்புலன்ஸ் நிக்குது. நெல்லு கிளறுற ஆயா எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுச்சு? 2022ல மட்டும் இந்திய ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசு கணக்குப்படி அதுல நூத்துக்கு 71 பேர் அதிவேகத்தால.

4. "ரோடு நல்லா இருக்கு, வண்டி நல்லா இருக்கு, ஓட்டினா என்ன?"

2024 ஆகஸ்ட் கடைசில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால தள்ளிப் போனது. அரசாங்கமே நடத்துது, ரோடு முழுக்க மூடியாச்சு, தடுப்பு போட்டாச்சு. அப்பவும் எஃப்ஐஏ சான்றிதழ் வர்ற வரைக்கும் வண்டியை விடக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. முதல் நாள் நிகழ்ச்சி தாமதமாத்தான் தொடங்குச்சு. தேர்ச்சி பெற்ற டிரைவருக்கே இந்தக் கட்டுப்பாடு. நம்மாளு தூக்கக் கலக்கத்துல, ஒரு கைல போனைப் புடிச்சு ஸ்பீடோமீட்டரைப் படம் எடுத்துக்கிட்டே போவாராம்.

உண்மையா சொல்லணும்னா ஒரு விஷயம் இருக்கு. சாதாரண கார் பாலிசி ரேஸ், வேகச் சோதனை எதுக்கும் பொருந்தாது. டிராக்குல இடிச்சா உங்க காசுதான். பல பேர் இதைச் சொல்லி பயமுறுத்துவாங்க. நான் இதைத்தான் நல்ல விஷயம்னு சொல்லுவேன். உங்க ஆசைக்கு நீங்க காசு கட்டுறீங்க. ரோட்டுல உங்க ஆசைக்கு வேற எவனோ கட்டுறான். பொது ரோட்டுல வேகப் போட்டிக்கு 189ஆம் பிரிவுல முதல் தடவை 3 மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். அந்த 5,000த்துக்கு பயப்படறவன் எவனையும் நான் பாத்ததில்ல.

கடைசியா நம்ம ஊர்க் கதை. தருமபுரம் யாழ்முரிநாதர் கோயில் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். சம்பந்தர் பாட்டுக்குப் பெருமையே யாழ்ப்பாணர் வாசிக்கிறதாலதான்னு அவரோட சொந்தக்காரங்க பேசினாங்க. மனசு நொந்த யாழ்ப்பாணர், யாழுக்கு அடங்காத ஒரு பதிகம் பாடுங்கன்னு சம்பந்தரையே கேட்டாரு. அவரும் பாடினாரு. வாசிக்க முடியல. யாழை உடைக்கவே கை ஓங்கிட்டாரு. சம்பந்தர் தடுத்து, கருவிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாசிங்கன்னாரு.

சொந்தக்காரங்க புகழ்ச்சியில மயங்காம, தன் கருவியோட எல்லையைத் தானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு பாருங்க, அவரு மனுசன். நாம அந்த ஊர்ல பொறந்துட்டு, நாலு பேர் கைதட்டலுக்கு ஈசிஆர்ல சாவுறோம்.

மாப்ள, இதைப் படிப்பேன்னு தெரியும். அடுத்த டிராக் நாளுக்கு என் கூட வா. உன் பங்கு காசை நான் கட்டுறேன். மூணேகால் மணி நேரக் கதைய அந்த எஸ்டீம் அண்ணன்கிட்ட சொல்லு. அவர் கை தட்டினா நான் இந்தப் பதிவைத் தூக்கிடறேன்.

டிஸ்கி: இப்பல்லாம் தாம்பரத்துல இருந்து வீட்டுக்கு வர எனக்கு அஞ்சரை மணி நேரம் ஆகுது. நடுவுல டீ ரெண்டு. யாரும் கை தட்டறதில்ல. அம்மா மட்டும் வாசல்ல நிக்குது. :-)

வர்ட்டா?