டி.ஆர்.எல் எரியலையா? ஹெட்லைட்டை மாத்தச் சொன்னா அவசரப்படாதீங்க!

ஐரோப்பாவில் 2011 முதல் புது மாடல் கார்களுக்குக் கட்டாயமான பகல் விளக்கு (டி.ஆர்.எல்), இங்கேயும் பல கார்களில் இருக்கிறது. அணைந்துபோனால்தான் பர்ஸுக்கு வேட்டு! பல மாடல்களில் ஹெட்லைட்டோடு சேர்ந்தே வருவதால், ‘முழு செட்டையும் மாத்தணும்’ என்பார்கள்.

கோளாறு வேறெங்காவது இருக்கலாம். இரண்டு பக்கமும் எரியலையா? முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். சில கார்களில் ஹேண்ட்பிரேக் போட்டாலே அணையும். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கம் மங்கும். இதெல்லாம் கோளாறே இல்லை, டிசைனே அப்படித்தான்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் கனெக்டர், எர்த் வயர் மீது சந்தேகப்படலாம். தண்ணீர் இறங்கினால் பின்களில் பச்சையாகப் பூத்துவிடும். டி.ஆர்.எல் ஆன் ஆகியிருக்கும்போது கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, அப்பவும் எரியலைன்னாதான் விளக்கு பழுது. கன்ட்ரோல் யூனிட் வழியாக சப்ளை போகும் கார்களில் மீட்டர் மட்டும் போதாது. ஸ்கேனரும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.