உழுபவனுக்கு இல்லையாம் உதவித்தொகை!

"விவசாயிக்கு வருஷம் ரூ.6,000!" என்று மத்திய சர்க்கார் தம்பட்டம் அடிக்கிறது. 2019-ல் வந்த பி.எம். கிசான் திட்டம் இது. மூன்று தவணை, தவணைக்கு ரூ.2,000. நாள் கணக்கில் பார்த்தால் குடும்பத்துக்கு 17 ரூபாய்கூட இல்லை!

அந்த அற்பத் தொகையும் யாருக்கு? தன் பெயரில் நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே. சேற்றில் இறங்கி நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு இல்லை. குத்தகையும் அளந்து, வெள்ளத்திலும் வறட்சியிலும் நஷ்டத்தைச் சுமக்கிறவனுக்கு இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் கடை நடத்துகிறவர், வருமான வரி கட்டாதவரானால், அவருக்கு உண்டு!

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் சாகுபடியாளர் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர் 14.43 கோடி. பெரும்பாலோரை வாசலில் நிறுத்திவிட்டுப் பரிமாறும் பந்திக்கு 'விவசாயி நலன்' என்று பெயரா?

தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. மாநில சர்க்காரே, ஒவ்வொரு குத்தகை விவசாயி பெயரையும் பதிவு செய்! மத்திய சர்க்காரே, குத்தகை விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் உதவித்தொகை கொடு!

ஆலைத் தோழர்களே! வயலில் கூலிக்கு நிற்பவர் உங்கள் அண்ணன், தங்கை. 2020-21-ல் டில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு அசையாமல் உட்கார்ந்தார்கள். மூன்று சட்டங்களும் வாபஸாயின. ஒன்றுபட்டுக் கேட்போம்; பெற்றே தீருவோம்!