‘ஆள்வது யார்?’ – 1974இல் ஓரத்து நாடுகள் தந்த விடை

ஆட்சித் தலைவன் ஒருவன் தன் மக்களை நோக்கி, ‘இந்நாட்டை ஆள்வது யார்?’ என்று வினவும் நிலை வருமாயின், ஆட்சிக்கோல் அவன் கையினின்று முன்பே நழுவத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். 1974ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் பிரித்தானியத் தலைமையமைச்சர் எட்வர்டு ஈத்து அவ்வாறு வினவினார், வினவித் தோற்றார். அத்தேர்தலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஈத்தையும், அவருக்குப்பின் ஆட்சியேறிய அரால்டு வில்சனையும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் பேசி அம்மட்டில் அமைந்துவிடுவர். ஆனால், இலண்டனில் இருந்து எழுந்த அவ்வினாவிற்கு முடிவான விடை இலண்டனில் இருந்து வரவில்லை. வட அயர்லாந்தினின்றும், இசுகாட்டுலாந்தினின்றும், வேல்சினின்றும் அது வந்தது. ஆங்கிலேயர் தம் ஆட்சிப் பரப்பின் ஓரம் என்று எண்ணியிருந்த நிலங்கள் அவை.

முதற்கண் நெருக்கடியின் தோற்றத்தை நோக்குக. 1973 அக்தோபரில் இசுரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் மூண்ட போரை அடுத்து, அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. சில திங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் அரிதான அந்நேரத்தில் நிலக்கரிக்கு மதிப்புக் கூடியது. நிலக்கரியை வெட்டுவோன் கைக்கும் வலிமை கூடியது. பிரித்தானிய மின் நிலையங்களுள் பெரும்பாலானவை அன்று நிலக்கரியாலேயே இயங்கின. விலையேற்றத்தைத் தடுக்க ஈத்து அரசு ஊதிய உயர்வுக்கு ஏழு விழுக்காடு அளவில் வரம்பு கட்டியிருந்தது. தம் உழைப்புக்கு அது போதாது என்ற சுரங்கத் தொழிலாளர், 1973 நவம்பர் 12 முதல் மிகைநேர வேலையை நிறுத்தினர். மறுநாளே நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. 1972இல் இதே தொழிலாளர் நிகழ்த்திய வேலைநிறுத்தத்தில் ஈத்து ஒருமுறை பணிந்திருந்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. இரண்டாம் முறை பணிவதில்லை என்னும் உறுதி, அரசியலறிவை விஞ்சி நின்றது.

1974 சனவரி முதல் நாள் தொட்டுத் தொழிற்சாலைகளும் வணிக நிலையங்களும் கிழமைக்கு மூன்று நாள் மட்டுமே மின்னாற்றலைப் பயன்கொள்ளலாம் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. தொலைக்காட்சி இரவு பத்தரை மணிக்கே அணைந்தது. கடைகளில் மெழுகுத்திரி ஒளியில் பண்டம் விற்றனர். உலகின் கால் பங்கை ஆண்ட நாட்டின் தலைநகர் அது! மக்கள் இருட்டிலேயே பல் துலக்கி மின்னாற்றலைச் சேமிக்கலாம் என்று எரியாற்றல் அமைச்சர் அறிவுரை கூறினார். பின்னர் அவர் வீட்டிலேயே விளக்குகள் எரிவதைச் செய்தித்தாளார் படம்பிடித்து வெளியிட்டனர். பஞ்சத்தில் பட்டினி அறத்தை ஊருக்கு ஓதுவோர் எந்நாட்டிலும் உளர் போலும்.

பிப்பிரவரித் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் தமக்குள் வாக்கெடுத்தனர். முழு வேலைநிறுத்தத்திற்கு 81 விழுக்காட்டினர் இசைந்தனர். ஈத்து பிப்பிரவரி 7ஆம் நாள் தேர்தலை அறிவித்தார். வாக்குப்பதிவு நாள் பிப்பிரவரி 28. ‘பிரித்தானியாவை ஆள்வது யார்?’ என்பதே அவர்தம் பழமைக் கட்சியின் முழக்கம். அரசா, தொழிலாளர் கழகமா என்பது அதன் உட்பொருள். இங்கேதான் பிழை தொடங்கியது. சுரங்கத்தினுள் தூசியை மூச்சாக இழுத்து உழைப்பவன் கேட்டது கூலி; ஆட்சியுரிமையை அவன் கேட்டிலன். கூலிச் சிக்கலைக் கோன்மைச் சிக்கலாக உருமாற்றி, அதன்மேல் நாடு முழுதும் தீர்ப்புச் சொல்லக் கேட்டார் ஈத்து. மக்களோ, கேட்ட வினாவிற்கு மட்டும் விடை சொல்லக் கட்டுப்பட்டவர் அல்லர். வாக்குப்பெட்டி முன் நிற்பவன் தன் நெஞ்சில் உள்ள வினாவிற்கே விடை எழுதுவான்.

தேர்தற் களத்தில் ஈத்துக்கு அடிமேல் அடி விழுந்தது. சுரங்கத் தொழிலாளர் ஊதியம் மற்றத் தொழிலாளர் ஊதியத்தினும் உயர்ந்தது என்று அதுவரை நம்பப்பட்டு வந்த கணக்குப் பிழையானது, உண்மையில் அது குறைவே என்னும் செய்தி பிப்பிரவரி 21இல் ஊதிய வாரியத்தின் வாயிலாகவே வெளிப்பட்டது. அங்ஙனமாயின் இத்தனை இருளும் எதன்பொருட்டு? பிப்பிரவரி 25இல் வெளியான சனவரித் திங்களின் வணிகக் கணக்கு முன்னெப்போதும் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அதே நாளில், ஈத்தின் கட்சியிலேயே இருந்து, இம்முறை நிற்க மறுத்துவிட்ட ஈனாக்கு பவல், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இணைந்ததை வெறுத்துத் தொழிற்கட்சிக்கு வாக்களிக்குமாறு மக்களைத் தூண்டினார்.

முடிவு வந்தது. மொத்த இடங்கள் 635. பெரும்பான்மைக்கு வேண்டுவன 318. தொழிற்கட்சிக்கு 301, பழமைக் கட்சிக்கு 297, இலிபரல் கட்சிக்கு 14, ஏனையோர்க்கு 23. ஆனால், வாக்குக் கணக்கோ வேறு கதை சொல்லிற்று. பழமைக் கட்சி ஒரு கோடியே 18 இலக்கத்திற்கு மேல் வாக்குகள் பெற்றிருந்தது. தொழிற்கட்சி அதனினும் ஏறத்தாழ 2,26,000 வாக்குகள் குறைவாகப் பெற்று, நான்கு இடங்கள் மிகுதியாக வென்றது. இலிபரல் கட்சிக்கு 60 இலக்கம் வாக்குகள் விழுந்தும் கிடைத்தவை 14 இடங்களே. தொகுதியில் ஒரு வாக்கு முந்தினும் வென்றவன், பிந்தினோர் வாக்கெல்லாம் வீண் என்னும் முறையின் விளைவு இது. இந்திய ஒன்றியம் பிரித்தானியரிடமிருந்து பெற்று இன்றளவும் வைத்திருக்கும் தேர்தல் முறையும் இதுவே என்பதைத் தமிழ் மக்கள் கருத்திற் கொள்ளல் நலம்.

இனி, அந்த 23 இடங்களுள் 11ஐ மட்டும் எடுத்து நோக்குக. வட அயர்லாந்தின் அல்சுட்டர் ஒன்றியக் கட்சியினர் வழிவழியாகப் பழமைக் கட்சியோடு ஒன்றி நின்றவர். 1970 தேர்தலில் வென்ற அவர்தம் உறுப்பினர் எண்மரும் ஈத்தின் பக்கமே அமர்ந்தனர். 1972இல் ஈத்து வட அயர்லாந்தின் தனி நாடாளுமன்றத்தை நிறுத்தி, இலண்டனின் நேராட்சியை ஏற்றினார். 1973 திசம்பரில் சன்னிங்குதேல் என்னும் இடத்தில் ஓர் உடன்பாடு செய்து, இரு பிரிவாரும் கூடி ஆளும் அமைச்சரவைக்கு வழிவகுத்தார். அவ்வமைச்சரவை 1974 சனவரி முதல் நாள் பொறுப்பேற்றது. மூன்றுநாள் வேலைக் கிழமை தொடங்கிய அதே நாள்! பிறந்து எட்டுக் கிழமை ஆன குழவியைத் தேர்தற் சூறையில் கொண்டு நிறுத்தினார் ஈத்து. இங்கிலாந்தில் கேட்கப்பட்ட வினா ‘ஆள்வது யார்?’ என்பது. வட அயர்லாந்தார் விடை எழுதியதோ சன்னிங்குதேல் வேண்டுமா, வேண்டாவா என்னும் வினாவிற்கு. பன்னிரண்டு இடங்களுள் பதினொன்றை அவ்வுடன்பாட்டின் எதிர்ப்பாளர் வென்றனர். பெற்ற வாக்கோ பாதியை ஒட்டியதே.

அப்பதினொருவரும் பழைய உறவில் நின்றிருப்பின், ஈத்தின் எண்ணிக்கை 308. தொழிற்கட்சியை விஞ்சிய தனிப்பெருங் கட்சி அவருடையதாய் இருந்திருக்கும். இலிபரல் கட்சியின் பதினால்வரும் சேரின் 322; ஆட்சி நிலைத்திருக்கும். அவர்கள் இன்மையால், இலிபரல் கட்சியைச் சேர்த்துக்கொண்டாலும் கிட்டுவது 311 மட்டுமே. மார்ச்சு முதல் நாள் தொட்டு மூன்று நாள் ஈத்து பதவி விலகாது, இலிபரல் தலைவர் செரமி தார்ப்போடு பேசிப் பார்த்தார். வாக்குக்கு ஏற்ப இடம் வழங்கும் முறையை உறுதியாகத் தர ஈத்து முன்வரவில்லை. தோற்றவனைத் தாங்க இலிபரல் கட்சியாரும் முன்வரவில்லை. மார்ச்சு 4இல் ஈத்து விலகினார்; வில்சன் சிறுபான்மை அரசு அமைத்தார். சில நாளில் சுரங்கத் தொழிலாளர்க்கு ஊதியம் உயர்ந்தது. நாடு ஒளி பெற்றது. முன்னரே கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டால் அதற்கு விடையில்லை.

சன்னிங்குதேல் அமைச்சரவையின் முடிவையும் இங்கே சொல்லிவிடல் தகும். அதே ஆண்டு மே 15இல் வட அயர்லாந்தின் ஒன்றியச் சார்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மின் நிலையங்கள் அவர் பிடியில் இருந்தன. பதினான்கு நாளில், மே 28ஆம் நாள், அமைச்சரவை கவிழ்ந்தது. இம்முறை இருட்டைக் கண்டு பணிந்தவர் வில்சன்.

இசுகாட்டுலாந்தின் விடை வேறு வகையினது. 1970 பொதுத்தேர்தலில் அங்குள்ள நாட்டினக் கட்சிக்கு ஓரிடமே வாய்த்தது. 1974 பிப்பிரவரியில் ஏழு இடங்கள். இசுகாட்டுலாந்தின் வாக்குகளில் 22 விழுக்காடு. வடகடலில் எண்ணெய் கண்டறியப்பட்டிருந்தது; உலகெங்கும் எண்ணெய் விலை ஏறிய அந்நாளில், ‘இது இசுகாட்டுலாந்தின் எண்ணெய்’ என்று அக்கட்சி எழுப்பிய முழக்கம் மக்கள் நெஞ்சில் தைத்தது. அதே ஆண்டு அக்தோபரில் வில்சன் மீண்டும் தேர்தல் நடத்தி, மூன்றே இடப் பெரும்பான்மை பெற்றபோது, இசுகாட்டு நாட்டினக் கட்சி பதினொன்றாக உயர்ந்தது. அவ்வளவில்தான் தன்னாட்சி மன்றம் பற்றி இலண்டன் மெய்யாக வாய் திறந்தது. திறந்த வாயால் சொல்லியதையும் காண்க. 1979 மார்ச்சு முதல் நாள் நடந்த வாக்கெடுப்பில் தன்னாட்சி மன்றத்திற்கு இசைந்தோர் 51.6 விழுக்காட்டினர். ஆயினும், பதிவுபெற்ற வாக்காளர் அனைவருள்ளும் நாற்பது விழுக்காட்டினர் இசைதல் வேண்டும் என்று நாடாளுமன்றம் முன்பே ஒரு முட்டுக்கட்டை இட்டிருந்தமையால், வென்றது தோற்றதாயிற்று. அக்கட்டையை முன்மொழிந்தவர் இலண்டன் தொகுதி ஒன்றின் உறுப்பினர், இசுகாட்டுலாந்தில் பிறந்தவர்! அன்று ஆட்சிக்கட்டிலில் இருந்த தொழிற்கட்சியோ, 1974 அக்தோபரில் பதிவான வாக்குகளிலேயே நாற்பது விழுக்காடு பெறாதது. தனக்கு ஓர் அளவுகோல், சிறுபான்மை இனத்திற்கு வேறோர் அளவுகோல். இசுகாட்டியர் தம் மன்றத்தைக் காண 1999 வரை காத்திருக்க நேர்ந்தது.

வேல்சில் நிகழ்ந்தவை எண்ணிக்கையிற் சிறியவை. எண்ணிப் பார்த்தற்குப் பெரியவை. வேல்சு மொழியின் உரிமையை முன்வைத்து 1925இல் தோன்றிய பிளைடு கும்ரி என்னும் வேல்சுக் கட்சிக்கு 1974 பிப்பிரவரியில் இரண்டு இடங்கள் கிடைத்தன. அதன் தலைவர் குவின்வர் எவான்சு கார்மார்த்தன் தொகுதியில் நின்றார். மீண்டும் மீண்டும் எண்ணிய பின் மூன்றே வாக்குகளில் தோற்றார். மூன்று வாக்கு என்பது ஒரு குடும்பத்தின் வாக்கு. அக்தோபரில் அவரே அத்தொகுதியை மூவாயிரத்திற்கு மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 1966இல் முதன்முறை வென்று நாடாளுமன்றம் புகுந்தபோது, தம் தாய்மொழியில் உறுதிமொழி எடுக்க விரும்பிய அவர்க்கு இடம் மறுக்கப்பட்டது. 1974இலோ, ஆங்கிலத்தில் எடுத்தபின் வேல்சு மொழியிலும் எடுக்கலாம் என்று அவை இசைந்தது. முதலிடம் ஆங்கிலத்திற்கே என்பது நெஞ்சை உறுத்தினும், பல நூற்றாண்டாகச் சாத்திக் கிடந்த கதவு ஒரு விரற்கடை திறந்தது மெய்.

அதே 1974இல், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளர்க்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. வட வேல்சின் பலகைக்கல் வெட்டுவோர்க்கும் நுரையீரலில் அதே கேடுதான்; ஆயினும் அவர்க்கு அத்திட்டத்தில் இடமில்லை. அவர் வேலை பார்த்த நிறுவனங்களுட் பல மூடப்பட்டுவிட்டமையால் வழக்கிடவும் ஆளில்லை. நாடு முழுதையும் இருளில் ஆழ்த்தும் வலிமை நிலக்கரித் தொழிலாளனுக்கு இருந்தது. கூரைக்குக் கல் பிளப்பவனுக்கு அஃது இல்லை. ஐந்தாண்டு கழிந்து, கலாகன் தலைமையிலான தொழிற்கட்சி அரசு பெரும்பான்மை இழந்து தள்ளாடியபோது, வேல்சுக் கட்சியின் உறுப்பினர் மூவரும் தம் வாக்குக்கு ஈடாகக் கேட்டது அக்கல்லுடைப்போர்க்கான இழப்பீட்டுச் சட்டம். அரசு இசைந்தது. 1979 மார்ச்சு 28ஆம் நாள் இரவு, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்மீது மூவரும் அரசின் பக்கம் வாக்களித்தனர். 311க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு வீழ்ந்தது. ஆயினும், அவை கலையுமுன் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது.